கழுத்தை 'டக்'கென்று திருப்பும் கைக்கு யார் பயிற்சி கொடுத்தது?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை பக்கம் ஒரு காலை நேரம். கேரட் மூட்டையை வேனில் ஏற்றும்போது ஒரு விவசாயிக்கு இடுப்பில் 'சுரீர்' என்று பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர முடியவில்லை. அவர் எங்கே போவார்?

ஊரிலேயே சுளுக்கு வழிப்பவர் இருப்பார். எண்ணெய் தடவி, உருவி விட்டு, காலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து அனுப்புவார். டவுனுக்கு வந்தால் அரசு மருத்துவமனை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் மசாஜ் போர்டுகள் தொங்குகின்றன. மலையிறங்கி வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை என்று போனால் எலும்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், சித்த மருத்துவர், 'புத்தூர் கட்டு' என்று வரிசையாக இருக்கிறார்கள். போனைத் திறந்தால் முதுகில் முட்டியை வைத்து 'மடமட' சத்தம் வரவைக்கும் ரீல்ஸ் வேறு.

இவர்களில் பெரும்பாலானோர் கையால்தான் தொட்டு வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால், அந்தக் கை எத்தனை வருஷம், யாருடைய மேற்பார்வையில், எத்தனை நோயாளிகளிடம் பழகியது என்று தெரிந்துகொள்ள அந்த விவசாயிக்கு எந்த வழியும் இல்லை. வீக் எண்டுக்குக் கொடைக்கானல் வந்து, 'லேப்டாப் கழுத்து வலி'க்கு மசாஜ் புக் பண்ணும் ஐ.டி. ஊழியருக்கும் அதே நிலைமைதான்.

ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் "டாக்டர் என்ன படிச்சிருக்கார்?" என்று கூகுளில் தேடுகிறோம். கழுத்தைத் திருப்ப ஒருவரிடம் தலையைக் கொடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதைக் கேட்டாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. கையால் செய்யும் சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரியில் தங்கி, சீனியர் கண்முன் செய்து கற்கும் முறையான பயிற்சி அவசியம். அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பிரிவு இதைச் செய்து காட்டியிருக்கிறது. பழனி மலைத்தொடரைச் சுற்றியும் அதற்கான கூறுகள் எல்லாமே இருக்கின்றன. இன்னும் யாரும் அவற்றைக் கோத்துச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ரெசிடென்சி என்றால் என்ன?

எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேராக ஆபரேஷன் தியேட்டரில் கத்தி எடுத்துவிட முடியாது. மூன்று ஆண்டுகள் முதுநிலைப் பயிற்சி எடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும் 'பி.ஜி. டாக்டர்'களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயிற்சிக்குத்தான் ரெசிடென்சி என்று பெயர். ரெசிடென்ட் என்றால் தங்கியிருப்பவர். 1889-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை தொடங்கப்பட்டபோது இந்த முறை அங்கே உருவானது. இளம் டாக்டர்கள் உண்மையிலேயே ஆஸ்பத்திரி வளாகத்தில் தங்கிப் படித்தார்கள்.

நமக்குப் புரியும்படி சொன்னால் குருகுலம். சீனியர் செய்வதைப் பார், அவர் பக்கத்தில் நின்று செய், பிறகு அவர் பார்க்க நீயே செய், கடைசியில் தனியாகச் செய். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வை. முடிவில் உன்னைத் தெரியாத ஒருவர் வந்து பரீட்சை வைப்பார். குருகுலத்துடன் இந்த நோட்டும் வெளியாள் பரீட்சையும் சேர்ந்தால் அது ரெசிடென்சி.

'மின்னல் வேக' எலும்பு வைத்தியர்

கொஞ்சம் ரிவைண்ட் செய்வோம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர், 1864-ல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகள் மீது அவருக்கு நம்பிக்கை போனது. உடம்பின் எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சரிசெய்தால் உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்தார். 1874-ல் அதை அறிவித்தார். பிறகு அதற்கு ஆஸ்டியோபதி என்று பெயர் வைத்தார்.

ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் அவர் தன்னை 'மின்னல் வேக எலும்பு வைத்தியர்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டார். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் இன்றைக்கும் பார்க்கக்கூடிய விளம்பரம் மாதிரியே இருக்கிறது இல்லையா?

அவர் அங்கேயே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிறு ஊரில் ஒரு கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். அங்கே படித்து வந்தவர்கள் 'டி.ஓ.' பட்டம் பெற்றார்கள். வழக்கமான 'எம்.டி.' டாக்டர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் போலி என்றே ஒதுக்கினார்கள். ராணுவ மருத்துவத்தில் டி.ஓ.க்களுக்குக் கதவு திறந்தது 1966-ல்தான்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1962-ல் கலிஃபோர்னியா மாநிலத்தில் சுமார் 2,000 டி.ஓ.க்களுக்கு, 65 டாலர் கட்டணத்துடன் எம்.டி. பட்டம் கொடுக்கப்பட்டது. அதோடு அங்கே புதிய டி.ஓ. உரிமங்களும் நிறுத்தப்பட்டன. அந்தப் பிரிவையே கரைத்துவிடும் முயற்சி அது. 1974-ல் அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உரிமம் திரும்பக் கிடைத்தது.

இன்றைக்கு அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆஸ்டியோபதி கல்லூரியில் படிக்கிறார். மருந்து எழுதுவது, ஆபரேஷன் செய்வது, ஐ.சி.யு. பார்ப்பது எல்லாவற்றிலும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு மேல், கையால் செய்யும் சிகிச்சையில் சுமார் 200 மணி நேரப் பயிற்சியும் கல்லூரியிலேயே கிடைக்கிறது.

200 மணி நேரம் போதாதா?

போதவில்லை. அதை அங்கே இருப்பவர்களே காட்டியிருக்கிறார்கள். 2021-ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், பதில் சொன்ன டி.ஓ.க்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நோயாளிகள் யாரிடமும் இந்தக் கை சிகிச்சையைப் பயன்படுத்துவதில்லை என்றார்கள். நேரமில்லை, காப்பீட்டுப் பணம் சரியாக வருவதில்லை, கைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு என்பவைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள். நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டு, பத்து வருஷம் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

அதனால்தான் இதற்கென்றே தனி ரெசிடென்சி இருக்கிறது. நரம்பு, தசை, எலும்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆஸ்டியோபதி சிறப்புப் பிரிவு அது. மருத்துவக் கல்லூரி முடித்து நேராக வந்தால் மூன்று ஆண்டுகள். ஓராண்டு பொது மருத்துவப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தால் இரண்டு ஆண்டுகள். குடும்ப மருத்துவம் மாதிரி வேறொரு ரெசிடென்சியை முடித்தவருக்கு ஓராண்டு.

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. முன்பு எம்.டி.க்களின் ரெசிடென்சிக்கு ஓர் அமைப்பும், டி.ஓ.க்களுக்கு இன்னோர் அமைப்பும் அங்கீகாரம் கொடுத்துவந்தன. 2015-ல் தொடங்கி 2020 ஜூனுக்குள் இரண்டும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்தன. அதாவது, இதய மருத்துவம் கற்றுத்தரும் துறைக்கு என்ன கண்காணிப்போ, முதுகை அழுத்தக் கற்றுத்தரும் துறைக்கும் அதே கண்காணிப்பு. தேவையான முன்பயிற்சி இருந்தால் எம்.டி. படித்தவரும் இந்த ரெசிடென்சியில் சேரலாம்.

தொடுவதைவிட, எப்போது தொடக் கூடாது என்பதே பாடம்

மூன்று வருஷம் என்ன கற்பார்கள், அழுத்துவதையா? அதில் ஒரு பகுதிதான் அழுத்துவது. பெரும்பகுதி, யாரை அழுத்தக் கூடாது என்று கண்டுபிடிப்பது.

முதுகு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தான நோய் எதுவும் இருக்காது. ஆனால், சிலருக்கு இருக்கும். நம்ம நாட்டில் முதுகெலும்பு காசநோய் இன்னும் ஒழியவில்லை. அதனால் அரிக்கப்பட்ட எலும்பை ஒருவர் ஓங்கி அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானத்தால் ஏற்கெனவே நுண்ணிய முறிவு இருக்கலாம். சிறுநீர் போவது திடீரென்று தடைபட்டு, தொடை இடுக்கில் மரத்துப்போனால் அது உடனே ஆபரேஷன் தேவைப்படும் அவசரநிலை. ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, விடாத காய்ச்சல், இவையெல்லாம் சிவப்புக் கொடிகள்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை தெரிய வேண்டும், எக்ஸ்-ரே பார்க்கத் தெரிய வேண்டும், நரம்புகளைச் சோதிக்கத் தெரிய வேண்டும். நூறு சாதாரண முதுகுகளுக்கு நடுவில் அந்த ஒரு சாதாரணமில்லாத முதுகைப் பார்த்து, சீனியரைக் கூப்பிட்ட அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை ரீல்ஸ் தராது. வார இறுதி சர்டிஃபிகேட் கோர்ஸும் தராது.

கழுத்து இன்னும் நுட்பமான இடம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்தெலும்புகளின் ஊடாக ஏறிச் செல்கின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அரிதாக அந்தத் தமனியின் உள்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். 2014-ல் அமெரிக்க இதயச் சங்கம் இதை அலசியது. கழுத்துத் திருப்பலுக்கும் தமனிக் கிழிசலுக்கும் புள்ளிவிவரத் தொடர்பு தெரிகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை என்றது. ஏற்கெனவே கிழிசல் இருப்பவர்தான் கழுத்து வலி என்று வைத்தியரிடம் போயிருக்கவும் கூடும். அதனால், செய்வதற்கு முன்பு இந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் பரிந்துரை. முடிவெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்து 'டக்'கென்று திருப்பும்போது யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

இது கொடைக்கானலில் இன்னும் சீரியஸான விஷயம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு சுமார் 120 கிலோமீட்டர். மலைப்பாதையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீசனில் வாகன நெரிசல் எவ்வளவு என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையே கொண்டுவர வேண்டியிருந்தது. நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த வெள்ளகவி மாதிரியான மலைக்கிராமங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. நகரத்தில் நடக்கும் தவறைத் திருத்த நேரம் கிடைக்கலாம். மலையில் அது கிடைக்காது.

அந்த 'டக்' சத்தம் எலும்பு சேர்ந்த சத்தமா?

இல்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயு இடைவெளி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரலைச் சொடுக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்டினார்கள். நெட்டி முறிப்பதும் இதுவும் ஒன்றுதான். நகர்ந்த எலும்பு திரும்ப வந்து உட்கார்ந்த சத்தம் அது கிடையாது. சத்தம் பெரிதாக இருந்தால் சிகிச்சையும் பெரிதாகப் பலிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ரீல்ஸுக்கு மைக் வைப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, பலன் இருக்கா?

இருக்கிறது, ஆனால் அளவோடு. 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கக் கல்வி ஆகியவற்றுடன், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையும் மசாஜும் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றன. இடுப்பு பெல்ட்டும், இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்றது. நம்ம ஊரில் பலரும் முதலில் வாங்குவதே அந்த பெல்ட்டைத்தான்.

இன்னொரு பக்கம், 2021-ல் ஃபிரான்ஸில் 400 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி சிகிச்சை, பாதிப் பேருக்கு அதேபோலத் தோன்றும் போலித் தொடுதல். உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் அன்றாட நடமாட்டம் கொஞ்சம் கூடுதலாக மேம்பட்டது. ஆனால், அந்த வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மண்டையோட்டு எலும்புகளை மெல்லத் தொட்டு நோய் தீர்ப்பதாகச் சொல்லும் 'க்ரேனியல்' முறைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆக, கை சிகிச்சை சர்வரோக நிவாரணி கிடையாது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சோதித்துப் பார்த்து, உதவாததைக் கழற்றிவிட வேண்டும். அதைச் செய்ய ரெசிடென்சியும் ஆய்வும் நடக்கும் ஆஸ்பத்திரிகள் தேவை. பயிற்சி மையமே இல்லாத ஒரு வைத்திய முறை தன் தவறுகளை எண்ணிப் பார்க்காது.

நம்ம ஊரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது முறைகள். வர்மத்தில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 புள்ளிகள் சொல்லப்படுகின்றன. கிர்க்ஸ்வில் கல்லூரிக்கு வெகுகாலம் முன்பே கையின் வேலையைப் பெயர் வைத்து வகைபிரித்த மரபு இது. போகர் கதையால் பழனியின் பெயரே சித்தர்களோடு சேர்ந்துதான் ஒலிக்கிறது.

பழனிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இப்போது சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி முதலில் தொடங்கப்பட்டது பழனியில்தான். பிறகுதான் சென்னைக்குப் போனது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல் திறக்கப்பட்டது. இங்கெல்லாம் மூன்றாண்டு எம்.டி. படிப்பு இருக்கிறது. வர்மமும் தொக்கணமும் அதில் பாடமாக இருக்கின்றன.

நவீன மருத்துவத்திலும் நமக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அத்துடன் நிற்காமல் நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையைக் கட்டினார். அவர் முயற்சியில் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. ஏற்கெனவே டாக்டராக இருந்தவர், தானே நோயாளியாகவும் இருந்தவர், புதிய வேலைக்காக மறுபடியும் மாணவியாகப் போய் உட்கார்ந்தார். பயிற்சியின் மதிப்பை அவரைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்கள் வீடு தேடி வருகிறார்கள். ஆக, கை சிகிச்சை அரசுத் திட்டத்துக்குள்ளேயே ஏற்கெனவே வந்துவிட்டது.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, ஆளுக்கொரு தீவு. எலும்பு மருத்துவர் பிசியோதெரபிஸ்ட்டுக்கு சீட்டு எழுதித் தருவதோடு சரி. சித்த மருத்துவர் இருக்கும் கட்டடம் தனி. வர்ம ஆசான்கள் எந்தக் கட்டடத்திலும் இல்லை. ஒரே நோயாளியை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து விவாதிக்கும் வார்டு கிடையாது. ரெசிடென்சியின் உயிரே அந்த வார்டுதான்.

இரண்டாவது, பெயருக்குப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் 1993-ல் ஆஸ்டியோபதிக்கென்றே சட்டம் வந்தது. பதிவு செய்யாதவர் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. டி.ஓ. என்ற இரண்டு எழுத்து அமெரிக்காவில் முழு டாக்டரைக் குறிக்கும். வேறு நாடுகளில் அது டாக்டர் அல்லாத ஒருவரின் டிப்ளமோவாக இருக்கலாம். போர்டைப் பார்த்து நோயாளி எப்படிக் கண்டுபிடிப்பார்?

மூன்றாவது, தவறுகள் பதிவாவதில்லை. இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்று, கையே கறுத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை எலும்பு மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால், கட்டுப்போட்டவருக்கு அந்தச் செய்தி திரும்பிப் போவதே இல்லை. அவர் அடுத்த கையையும் அதே மாதிரிதான் கட்டுவார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, அவரைத் திருத்த ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. "தலைமுறை தலைமுறையா பார்த்துட்டு வர்ற ஆசானுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க என்ன கத்துக்கொடுப்பாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல வருஷம் ஆசானோடு இருந்து கற்ற சீடரின் கைக்கு இருக்கும் நுட்பம் நிஜம். டாக்டரே எட்டிப் பார்க்காத மலைக்கிராமத்தில் அவரை விட்டால் ஆளும் இல்லை. அவரைப் போலி என்று துரத்தினால் அந்த ஊருக்கு மிஞ்சுவது வலி நிவாரணி மாத்திரை மட்டும்தான். ஆனால் ஒன்று: ஸ்டில்லும் இப்படிப்பட்ட ஒரு நாட்டு வைத்தியராகத்தான் பெயர் எடுத்தார். அவர் தன் கையின் வித்தையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து, பிறர் சோதிக்கவும் கேள்வி கேட்கவும் விட்டார். அதில் ஒரு பகுதி தேறியது, இன்னொரு பகுதி தேறவில்லை. தேறிய பகுதிக்கு மரியாதை கிடைத்தது அதனால்தான்.

மலையிலிருந்தே தொடங்கலாம்

இதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. 2021-ல் சேர்ந்த முதுநிலை மாணவர்களிலிருந்து, எல்லா பி.ஜி. டாக்டர்களும் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எலும்பியல், மறுவாழ்வு மருத்துவம் படிப்பவர்களின் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு ஒதுக்கலாம். சித்த எம்.டி. மாணவரையும் பிசியோதெரபி மாணவரையும் அதே அறையில் உட்கார வைக்கலாம். மூட்டை தூக்கும் முதுகுகளும் ஏறி இறங்கும் முழங்கால்களும் அங்கே தினமும் வரும். கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் எது?

சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தைக் காய்கறி மார்க்கெட்டுக்காகத்தான் பலருக்கும் தெரியும். அங்கே 1955-ல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. ரெசிடென்சிப் பயிற்சியே அளித்து வந்திருக்கிறது. பெருநகரம் வேண்டும் என்ற கட்டாயமில்லை. கற்றுக்கொடுக்கும் சீனியரும், வரும் நோயாளிகளும், நேர்மையான பதிவேடும் இருந்தால் போதும்.

பழனியில் மீண்டும் சித்த மருத்துவக் கல்லூரி கொண்டுவருவோம் என்று சமீப ஆண்டுகளில் அறிவிப்பு வந்திருக்கிறது. அது வரும்போது, வர்மத்துக்கும் தொக்கணத்துக்கும் எக்ஸ்-ரே, நரம்பியல் பரிசோதனை, சிக்கல்களின் பதிவேடு ஆகியவற்றுடன் கூடிய ஒரு பயிற்சி வார்டு அதன் திட்டத்திலேயே இருக்க வேண்டும். விருப்பமுள்ள ஆசான்களைக் கௌரவ ஆசிரியர்களாக அழைக்கலாம். சிவப்புக் கொடி அறிகுறிகளை ஊர் வைத்தியர்களுக்குக் கற்றுத்தரும் சில நாள் முகாமை அதற்கு முன்பே, இந்த ஆண்டே நடத்தலாம். பெரிய செலவில்லாமல் நாளைக்கே ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது அந்த முகாம்தான்.

நீங்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரிடமும் உங்கள் முதுகையோ கழுத்தையோ கொடுப்பதற்கு முன்பு இவற்றைக் கேளுங்கள்.

1. நீங்கள் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்கள்? (எம்.பி.பி.எஸ். என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், சித்த மருத்துவர் என்றால் சித்த மருத்துவக் கவுன்சில்.)

2. இந்தச் சிகிச்சையை எங்கே, எத்தனை ஆண்டுகள், யாருடைய மேற்பார்வையில் கற்றீர்கள்?

3. எனக்கு இதைச் செய்யக் கூடாத காரணம் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்தீர்களா?

4. இதில் என்ன ஆபத்து இருக்கிறது? ஏதாவது ஆனால் என்னை எங்கே அனுப்புவீர்கள்?

நன்றாகப் பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சிகிச்சைக்குப் பிறகு திடீர் தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி இவற்றில் ஏதாவது வந்தால் "தூங்கினா சரியாயிடும்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மலையில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பூம்பாறை விவசாயி இந்த நான்கு கேள்விகளைக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வலியில் குனிந்து நிற்பவரால் சர்டிஃபிகேட் சரிபார்க்க முடியாது. அவர் கேட்காமலேயே, அவர் முதுகில் படும் கை முறையாகப் பழகிய கையாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது அரசின் வேலை, மருத்துவக் கல்லூரிகளின் வேலை. அந்த வேலையைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனையின் ஓர் அறையிலிருந்து தொடங்கினாலும் போதும்.